வகுத்த பின் மிஞ்சும் மக்கள்

2021 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2020 கணக்கெடுப்பின் முதல் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி பிரதிநிதிகள் சபையில் நியூயார்க் மாநிலத்துக்கு இருந்த 27 இடங்களில் ஒன்று பறிபோனது. இடம் குறைவது அந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1940களில் 45 உறுப்பினர்களை அனுப்பிய மாநிலம் அது. பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. இம்முறை எல்லோரையும் திகைக்க வைத்தது வேறொரு எண். மற்ற மாநிலங்களின் கணக்கு அப்படியே இருந்து, நியூயார்க்கில் மட்டும் இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் மாநிலத்தில் 89 பேர்! ஏதோ ஒரு குடியிருப்பு வளாகத்தில் சில வீடுகள் விடுபட்டாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். சபையின் 435 இடங்களில் கடைசி இடம் மினசோட்டாவுக்குப் போயிற்று.

மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மொத்த மக்களை மொத்த இடங்களால் வகுக்க வேண்டும், வந்த ஈவைக் கொண்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் பங்கு போட வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எந்த மாநிலத்துக்கும் கணக்கு முழு எண்ணில் முடிவதில்லை. ஒரு மாநிலத்துக்கு 7.6 உறுப்பினர்கள் என்று வந்தால் ஏழு பேரை அனுப்புவதா, எட்டுப் பேரை அனுப்புவதா? மிஞ்சும் அந்தப் பின்னத்துக்குள் லட்சக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது என்பதை முடிவுசெய்ய அமெரிக்காவுக்கு 150 ஆண்டுகள் பிடித்தன. அந்த நாட்டின் முதல் வீட்டோவே இதற்காகத்தான் போடப்பட்டது.

தொகுதி மறுவரையறை பற்றி இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், நிறையப் பேசுகிறோம். யாருக்கு எத்தனை இடம் கூடும், யாருக்குக் குறையும் என்று பட்டியல் போடுகிறோம். எந்த விதிப்படி வகுக்கப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் அபூர்வமாகவே வருகிறது. அமெரிக்க வரலாற்றைப் படித்தால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று புரியும்.

முதல் வீட்டோ

1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பிரச்சினையில் ஏறக்குறைய முறிந்தே போனார்கள். பெரிய மாநிலங்கள் மக்கள்தொகையை அடிப்படையாக வைக்கச் சொல்லின. சிறிய மாநிலங்கள் எல்லோருக்கும் சம இடம் கேட்டன. கடைசியில் இரண்டு அவைகள் என்று சமரசம் ஆயிற்று. செனட்டில் மாநிலத்துக்கு இருவர். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ண வேண்டும், எந்த மாநிலத்துக்கும் ஒருவராவது இருக்க வேண்டும், 30,000 பேருக்கு ஒருவர் என்ற அளவை மீறக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அந்த 30,000 முதலில் 40,000 ஆக இருந்தது. மாநாட்டின் கடைசி நாளான செப்டம்பர் 17 அன்று, அதுவரை விவாதத்தில் கலக்காமல் தலைமை வகித்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன் எழுந்து இந்த மாற்றத்தை ஆதரித்துப் பேசினார். மக்களுக்குப் போதுமான பிரதிநிதிகள் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. இத்தனையும் எழுதியவர்கள் பின்னத்தை என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

1790-இல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. பங்கீட்டுக்கு உரிய மக்கள்தொகை 36,15,920 என்று வந்தது. 30,000-ஆல் வகுத்தால் 120. எனவே சபைக்கு 120 உறுப்பினர்கள் என்று காங்கிரஸ் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பதினைந்து மாநிலங்களுக்கும் ஈவின் முழு எண்ணை மட்டும் கொடுத்தபோது 112 இடங்கள் தீர்ந்தன. மீதி எட்டு இடங்களை, பெரிய பின்னம் வைத்திருந்த எட்டு மாநிலங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆதரித்த முறை இது. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 55,540 பேர் கொண்ட டெலவேருக்கு 1.85 என்று வந்ததால் இரண்டு இடம் கிடைத்தது.

வெளியுறவுத் துறையைப் பார்த்துவந்த தாமஸ் ஜெபர்சன் இதை எதிர்த்தார். டெலவேரின் 55,540 பேருக்கு இருவர் என்றால் ஒருவருக்கு 27,770 பேர்தான் வருகிறார்கள். 30,000 என்ற வரம்பு மீறப்படுகிறது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5 அன்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஜெபர்சனின் முறை சட்டமானது. வகுத்தி 33,000, ஈவின் முழு எண் மட்டும் கணக்கு, பின்னம் எவ்வளவு பெரியதானாலும் தள்ளுபடி. மொத்தம் 105 இடங்கள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவின் எண் 6,30,560. அதை 33,000-ஆல் வகுத்தால் 19 இடம் போக 3,560 பேர்தான் மிஞ்சுகிறார்கள். டெலவேரின் 55,540-ஐ வகுத்தால் ஓர் இடம் போக 22,540 பேர் மிஞ்சுகிறார்கள். மிகப் பெரிய மாநிலத்துக்கு ஏறக்குறைய இழப்பே இல்லை. மிகச் சிறிய மாநிலத்தில் பத்தில் நான்கு பேர் கணக்கிலேயே இல்லை. ஜெபர்சன் வர்ஜீனியாக்காரர். அவரோடு சேர்ந்து வீட்டோவை ஆதரித்த அரசின் தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்பும் வர்ஜீனியாக்காரர். கையெழுத்துப் போட மறுத்த வாஷிங்டனும் அதே மாநிலத்தவர். இவர்கள் தெரிந்தே தங்கள் மாநிலத்துக்கு வேலை செய்தார்கள் என்று குற்றம்சாட்ட வேண்டியதில்லை. எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விதியைத் தேடினால், நேர்மையான மனிதருக்கும் தன் பக்கம் சாயும் விதிதான் நியாயமாகத் தெரியும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

எண்ணப்பட்டவர்கள், வாக்களித்தவர்கள்

வர்ஜீனியாவின் அந்த 6,30,560 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1790-இல் அந்த மாநிலத்தில் 2,92,627 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அரசமைப்புச் சட்டம் அவர்களை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணச் சொன்னது. அப்படி எண்ணியதில் சுமார் 1,75,500 பேர் வர்ஜீனியாவின் கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வகுத்தால் அந்த மாநிலத்துக்கு 13 இடங்கள்தான் வரும். வந்ததோ 19. அதாவது வாக்குரிமை இல்லாத, தங்கள் உடல்மேல்கூட உரிமை இல்லாத மனிதர்களின் பெயரால் அவர்களை வைத்திருந்தவர்கள் ஆறு இடங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு பேரும் அடிமை முறையைக் காப்பாற்றத்தான் வாக்களிக்கப் போகிறார்கள். பிரதிநிதித்துவக் கணக்கின் வரலாற்றில் இதைவிடக் கொடிய ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியாது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் ஐந்தில் மூன்று என்ற கணக்கை ஒழித்தது. இனி எல்லோரும் முழு மனிதர்கள். விளைவு என்ன? விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் முழுதாக எண்ணப்பட்டதால் தென் மாநிலங்களின் பங்கு கூடியது. பிறகு அதே மாநிலங்கள் வரிகளாலும் எழுத்தறிவுத் தேர்வுகளாலும் வன்முறையாலும் அவர்களை வாக்குச்சாவடிக்கு வராமல் தடுத்தன. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அது ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, எண்ணுவதற்கு ஆள், வாக்களிப்பதற்கு இல்லை என்ற நிலை பெரும்பாலும் தொடர்ந்தது. யாரை எண்ணுவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களைப் பங்கீட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2020-இல் அன்றைய குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டதும், அடுத்த ஆண்டு பைடன் அதை ரத்துசெய்ததும் அதன் தொடர்ச்சிதான்.

இடங்கள் கூடினால் பங்கு குறையும்

ஜெபர்சனின் முறை ஐம்பது ஆண்டு ஓடியது. ஒவ்வொரு முறையும் பெரிய மாநிலங்களுக்கே சாய்ந்தது. 1832 பங்கீட்டில் நியூயார்க்குக்கு நேர் விகிதப்படி வர வேண்டியது 38.6 இடம். 39 கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிடைத்தது 40. அதே ஆண்டு டெலவேருக்கு உரியது 1.5, கிடைத்தது ஒன்று. செனட்டர் டேனியல் வெப்ஸ்டர், பின்னம் பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த முழு எண்ணைக் கொடுங்கள், பாதிக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடுங்கள் என்றார். பள்ளிப் பிள்ளைகள் தோராயம் காண்கிற அதே வழி. 1842-இல் அதை ஏற்றார்கள். 1850-இல் அதையும் விட்டுவிட்டு, ஓஹயோவின் சாமுவேல் வின்டன் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் ஹாமில்டனின் பழைய முறைக்கே திரும்பினார்கள்.

அந்த முறைக்குள் இருந்த கோளாறு 1880 கணக்கெடுப்புக்குப் பிறகுதான் வெளியே வந்தது. கணக்கெடுப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் சீட்டன், சபையின் அளவு 275 முதல் 350 வரை இருந்தால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடம் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 299 உறுப்பினர்கள் என்றால் அலபாமாவுக்கு 8 இடம். 300 என்றால் 7. மக்கள்தொகையில் ஒருவர்கூட மாறவில்லை. சபையில் ஓர் இடம் கூடுகிறது. அலபாமாவுக்கோ ஓர் இடம் குறைகிறது!

இது எப்படி நடக்கும்? சபையில் 299 பேர் என்னும்போது அலபாமாவுக்கு 7.646, டெக்சாசுக்கு 9.640, இல்லினாய்சுக்கு 18.640. பின்னங்களில் அலபாமாவுடையது பெரியது. கடைசி இடம் அதற்கு. 300 பேர் என்னும்போது எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில் கூடும். பெரிய மாநிலத்துக்குக் கூடுதல் அதிகமாக இருக்கும். அலபாமா 7.671, டெக்சாஸ் 9.672, இல்லினாய்ஸ் 18.702. இப்போது அலபாமா பின்தங்கிவிட்டது. பெரிய மாநிலங்கள் இரண்டும் ஆளுக்கோர் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒன்று புதிதாக வந்தது, மற்றொன்று அலபாமாவின் கையிலிருந்து போனது.

ஒரு நேர்மையான எழுத்தர் கண்டுபிடித்துச் சொன்ன இந்த விந்தை அரசியல்வாதிகளுக்குக் கருவியாக மாற அதிக காலம் ஆகவில்லை. 1901-இல் பங்கீட்டுக் குழுவின் தலைவர், சபைக்கு 357 உறுப்பினர்கள் போதும் என்று முன்மொழிந்தார். ஏன் 357? 350 முதல் 400 வரை எந்த எண்ணை வைத்தாலும் கொலராடோவுக்கு 3 இடம் வரும். 357 வைத்தால் மட்டும் 2 வரும். மெய்ன் மாநிலத்துக்கோ சபையின் அளவு ஒன்று கூடக் கூட 3, 4 என்று மாறி மாறி வந்தது. அவையில் பெரும் கொந்தளிப்பு. அந்த மசோதா தோற்றது. வெப்ஸ்டரின் முறையில் 386 இடங்கள் என்று முடிவாயிற்று. ஒரு விதியின் கோளாறு தெரிந்த பிறகு அதைக் கைவிடுவதற்கு அவர்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்ல வேண்டும்.

நகரங்களுக்குப் பயந்த பத்தாண்டு

அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. எந்த மாநிலமும் இடத்தை இழக்கக் கூடாது என்பதற்காகச் சபையையே பெரிதாக்கிக்கொண்டு போனார்கள். 1911-இல் 433 என்ற எண்ணைத் தேர்ந்ததும் அதற்காகத்தான். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்ததும் 435 ஆயிற்று. யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றும். மெய்ன் மாநிலத்துக்கு 386 பேர் சபையில் 4 இடம். 435 பேர் சபையிலும் அதே 4 இடம். அதன் பங்கு 1.04 சதவீதத்திலிருந்து 0.92 சதவீதத்துக்கு இறங்கியது. இடம் குறையாது என்ற வாக்குறுதியை எங்கே கேட்டாலும் இந்த மெய்ன் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

1920 கணக்கெடுப்பு அமெரிக்காவை உலுக்கியது. நாட்டு வரலாற்றில் முதன்முறையாக நகர்ப்புற மக்கள் கிராமப்புற மக்களைவிட அதிகமாகிவிட்டார்கள். போர்க்காலத்தில் ஆலைகளைத் தேடிப் போனவர்களும், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் நகரங்களை நிரப்பியிருந்தார்கள். புதிய எண்ணின்படி இடங்களைப் பிரித்தால் வேளாண் மாநிலங்களின் பிடி தளரும். எனவே அவர்கள் பிரிக்கவே விடவில்லை. கணக்கெடுப்பு பனிக்காலத்தில் நடந்தது, கிராமத்தவர்கள் சரியாக எண்ணப்படவில்லை என்றார்கள்; குடியேறியவர்களை எண்ணியது தவறு என்றார்கள்; எந்தக் கணித முறை சரி என்று முடிவாகவில்லை என்றார்கள். அரசமைப்புச் சட்டம் விதித்த கடமை பத்தாண்டு முழுவதும் கிடப்பில் கிடந்தது. அந்த நாட்டு வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். அந்த இடைவெளியில் டெட்ராய்ட்டும் லாஸ் ஏஞ்சல்ஸும் எங்கோ வளர்ந்து போயிருந்தன.

1929 ஜூனில் குடியரசுத் தலைவர் ஹூவர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு முடிவு கட்டியது. சபையின் அளவு 435. கணக்கெடுப்பு முடிந்ததும் காங்கிரஸ் எதுவும் செய்யாவிட்டாலும் பங்கீடு தானாக நடக்கும். அடக்கி வைத்த கணக்கு ஒரேயடியாக வெடித்தது. 21 மாநிலங்கள் மொத்தம் 27 இடங்களை இழந்தன. கலிபோர்னியா 11-லிருந்து 20-க்குத் தாவியது. தவணை தவணையாகத் தாங்கியிருக்கக்கூடிய இழப்பைத் தள்ளிப்போட்டதால் ஒரே மூச்சில் தாங்க வேண்டியிருந்தது.

விதி எது என்ற கேள்வி 1941 வரை நீண்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் வில்காக்ஸ் வெப்ஸ்டர் முறைக்காக வாதாடினார். ஹார்வர்டின் எட்வர்ட் ஹன்டிங்டன், கணக்கெடுப்புத் துறையின் புள்ளியியலாளர் ஜோசப் ஹில் உருவாக்கிய முறையைச் செம்மைப்படுத்தி ஆதரித்தார். தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஹன்டிங்டன் பக்கம் நின்றது. அந்த முறையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் ஓர் இடம் கொடுத்துவிடுகிறார்கள். மீதியுள்ள இடங்களை ஏலம்போல் ஒவ்வொன்றாக விடுகிறார்கள். தன்னிடம் இருக்கும் இடத்தின் எண்ணிக்கையையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் மாநிலத்தின் மக்கள்தொகையை வகுத்தால் ஒரு மதிப்பு வரும். யாருடைய மதிப்பு அதிகமோ அவருக்கு அடுத்த இடம். இரண்டு மாநிலங்களுக்கிடையே ஓர் உறுப்பினருக்கு எத்தனை மக்கள் என்ற வித்தியாசத்தைச் சதவீத அளவில் இயன்றவரை குறைப்பது இதன் நோக்கம். சிறிய மாநிலங்களுக்குக் கொஞ்சம் சாதகமானது என்று சொல்பவர்கள் உண்டு.

1940 எண்கள் வந்தபோது இரண்டு முறைகளுக்கும் இடையே ஒரே ஓர் இடம்தான் வித்தியாசம். வெப்ஸ்டர் முறையில் மிச்சிகனுக்கு 18, ஆர்கன்சாசுக்கு 6. ஹில் முறையில் 17, 7. மிச்சிகன் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த மாநிலம். ஆர்கன்சாஸ் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. காங்கிரசில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. வாக்கெடுப்பு ஏறக்குறைய கட்சி வாரியாகப் பிரிந்தது. 1941 நவம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, ஹில் முறை நிரந்தரச் சட்டமானது. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. கணித மேதைகள் இருபது ஆண்டு மோதிய வழக்கில் தீர்ப்பை எழுதியது ஆர்கன்சாசின் ஓர் இடம்.

ஆனாலும் 1941-க்குப் பிறகு ஒன்று நல்லதாக அமைந்தது. விதி முன்கூட்டியே தெரிந்த விதியாகிவிட்டது. 1990 கணக்கெடுப்பில் இரண்டில் ஓர் இடத்தை இழந்த மொன்டானா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992-இல் நீதிமன்றம் ஒருமனதாகக் காங்கிரசின் விதியை உறுதிசெய்தது. 2000-இல் 850-க்குச் சற்று அதிகமானோர் குறைந்ததால் ஓர் இடத்தைத் தவறவிட்ட யூட்டாவும் வழக்காடித் தோற்றது. தோற்றவர்களுக்கு வருத்தம் இருந்தது. தங்களைத் தோற்கடிக்கவே விதி எழுதப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

435 என்ற எண்ணை உறையவைத்தது வேறு கதை; அதை நான் தவறு என்றே கருதுகிறேன். 1911-இல் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 2.1 லட்சம் பேர். 2020-இல் 7.61 லட்சம். இடங்கள் இறுகிப்போனதால் சிறிய மாநிலங்களில் ஏற்றத்தாழ்வு கடுமையாகத் தெரிகிறது. 2020 கணக்குப்படி 10.85 லட்சம் பேர் கொண்ட மொன்டானாவுக்கு மீண்டும் 2 இடம் கிடைத்தது. ஓர் உறுப்பினருக்கு 5.4 லட்சம் பேர். 9.9 லட்சம் பேர் கொண்ட டெலவேருக்கு ஓர் இடம்தான். 1792-இல் மிஞ்சிய அதே டெலவேர் இன்றும் மிஞ்சி நிற்கிறது. இதற்கு மேல் கணக்கெடுப்பே துல்லியமானதல்ல. 2022-இல் வெளியான சரிபார்ப்பு ஆய்வின்படி ஆறு மாநிலங்களில் உண்மையைவிடக் குறைவாகவும், எட்டு மாநிலங்களில் அதிகமாகவும் எண்ணியிருந்தார்கள். கடைசி இடத்தை வென்ற மினசோட்டாவில் மிகை 3.8 சதவீதம், அதாவது இரண்டு லட்சத்துக்கு மேல். 89 பேரால் தோற்ற நியூயார்க்கிலும் மிகைதான். டெக்சாசிலும் புளோரிடாவிலும் குறைவு. இத்தனை பிழைக்கு நடுவே 89 என்ற எண்ணுக்கு என்ன பொருள்?

நம் கணக்கு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, மக்களவை இடங்களுக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம் எல்லா மாநிலங்களுக்கும் நடைமுறையில் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. 60 லட்சத்துக்கு மேற்படாத மாநிலங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு. பின்னத்தை என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் இல்லை. அதை மறுவரையறை ஆணையம் முடிவுசெய்யும். மறுவரையறை தொடர்பான சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 329-ஆவது பிரிவு சொல்கிறது.

மாநிலங்களவைக்கு அரசமைப்பை எழுதியவர்களிடம் தெளிவான வாய்பாடு இருந்தது. முதல் 50 லட்சம் மக்களுக்குப் பத்து லட்சத்துக்கு ஓர் இடம். அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம். மிஞ்சுவது பத்து லட்சத்தைத் தாண்டினால் இன்னோர் இடம். பின்னத்துக்கும் விதி உண்டு. பெரிய மாநிலங்கள் மற்றவர்களை விழுங்கிவிடாதபடி சரிவும் உண்டு. மக்களவைக்கு அப்படி எதையும் எழுதவில்லை. மாநிலங்களவையும் கடைசியில் மக்கள்தொகையைத்தான் பின்பற்றுகிறது: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. அமெரிக்கச் சிறு மாநிலங்களுக்குச் செனட் கொடுக்கும் அரண் இங்கே யாருக்கும் இல்லை. ஆகவே மக்களவையில் விழும் அடி நேராக விழுகிறது.

தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 1961 கணக்கெடுப்பின் அடிப்படையில் நடந்த மறுவரையறையில் 41 இடங்கள் 39 ஆயின. 1967 தேர்தலிலிருந்து அதுதான் எண். தென்காசித் தனித்தொகுதி பற்றிய ஒரு வழக்கில் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி அமர்வு இதை எடுத்துப் பேசியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக ஒரு மாநிலத்தைத் தண்டிக்கலாமா என்று கேட்டது. ஓர் உறுப்பினர் இழப்புக்குத் தேர்தலுக்கு 200 கோடி ரூபாய் என்று வைத்து, 14 தேர்தல்களுக்கு 5,600 கோடி இழப்பீடு தரலாகாதா, அல்லது 41 இடங்களையே திருப்பித் தரலாகாதா என்றும் கேட்டது. 1999-இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததையும் நினைவூட்டியது.

1976-இல் 42-ஆவது திருத்தம் இடங்களை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2001-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1920களின் அமெரிக்க உறைவு இழுத்தடிப்பால் வந்தது. நம்முடையது காரணம் சொல்லி, திருத்தம் போட்டுச் செய்தது. குடும்பக் கட்டுப்பாட்டை நிறைவேற்றும் மாநிலம் நட்டப்படக் கூடாது என்பது அந்தக் காரணம். அது நேர்மையான காரணம். ஆனால் நிறுத்தி வைத்த ஆண்டுகளில் மக்கள் பெருகாமல் இல்லை. 1971-இல் தமிழ்நாட்டுக்கு ஓர் உறுப்பினருக்கு 10.6 லட்சம் பேர், ராஜஸ்தானுக்கு 10.3 லட்சம், ஏறக்குறைய சமம். 2011-இல் தமிழ்நாட்டுக்கு 18.5 லட்சம், கேரளத்துக்கு 16.7 லட்சம், உத்தரப் பிரதேசத்துக்கு 25 லட்சம், ராஜஸ்தானுக்கு 27.4 லட்சம். ஜெய்சால்மரில் வாக்களிக்கும் ஒரு தாய்க்கு, தன் வாக்கின் எடை ஏன் குறைவு என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வியை நாம் கேலி செய்யக் கூடாது. சொன்ன கொள்கையைச் செய்து காட்டிய மாநிலம் ஏன் குரலை இழக்க வேண்டும் என்று நாம் கேட்பதும் அதே அளவு நியாயம்.

இருக்கிற 543 இடங்களை 2011 எண்களின்படி நேர் விகிதத்தில் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 32.35 வரும். கேரளத்துக்கு 14.98. உத்தரப் பிரதேசத்துக்கு 89.6, பிகாருக்கு 46.7. கேரளத்தின் எண்ணைப் பாருங்கள். பின்னத்தை வெட்டினால் 14, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் 15. இப்போது இருக்கும் 20-லிருந்து ஐந்து குறையுமா, ஆறு குறையுமா என்பது எங்கும் எழுதப்படாத ஒரு விதியைப் பொறுத்தது. சிக்கிம், மிசோரம், நாகாலாந்து போன்றவற்றுக்கான குறைந்தபட்ச இடங்களை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்கு வகுப்பதா, வகுத்த பிறகு சேர்ப்பதா என்பதும் பெரிய மாநிலங்களின் கடைசி இடத்தைத் தீர்மானிக்கும். அதுவும் எழுதப்படவில்லை.

புதிய மக்களவை மண்டபத்தில் 888 பேர் அமர வசதி இருக்கிறது. மொத்தத்தைக் கூட்டிவிட்டால் யாருக்கும் குறையாது என்று சொல்வது சுலபம். தமிழ்நாட்டுக்கு இன்று உள்ளது 543-இல் 39; அதாவது 7.18 சதவீதம். அந்தச் சதவீதம் இறங்கினால், இடங்கள் 39-லிருந்து 45 ஆனாலும் அது இழப்புத்தான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6 பேரும் ஜெர்மனிக்கு 96 பேரும் இருக்கிறார்கள். நேர் விகிதத்தை வேண்டுமென்றே தளர்த்தி, அந்தத் தளர்வை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மாநிலங்களவை வாய்பாட்டில் இருந்த சரிவும் அதே வகை. மக்களவைக்கும் அதை யோசிக்கத் தடை இல்லை. எந்த மாநிலத்தின் பங்கும் ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தளம் அமைப்பதற்கும் தடை இல்லை. இவற்றில் எது வந்தாலும், வெளிப்படையாக விவாதித்து, சட்டத்தில் எழுதி வர வேண்டும்.

அந்த விதி எண்கள் வருவதற்கு முன் எழுதப்பட வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இறுதி எண்கள் மேசைக்கு வந்த பிறகு விதியைத் தேடினால், 1901-இல் 357 என்ற எண்ணைத் தேடி எடுத்தவர்கள் நம்மிடமும் இருப்பார்கள். 1941-இல் ஆர்கன்சாசின் இடத்துக்காகக் கணிதத்தைத் தேர்ந்தவர்களும் இருப்பார்கள். எத்தனை இடம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். மொத்த இடங்கள் எவ்வளவு, குறைந்தபட்சம் யாருக்கு எவ்வளவு, மிஞ்சும் பின்னத்துக்கு என்ன விதி என்று உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.